இறந்தவரை எரிக்காதீர்கள் என்றார் வள்ளலார்! காரணம் தெரியுமா?

கணவன் இறந்தால் மனைவியின் தாலியைக் கழற்ற வேண்டாம். கருமாதி வேண்டாம், திதி வேண்டாம். உடலை எரிக்கவே கூடாது, புதைக்கத்தான் வேண்டும். இதையெல்லாம் சொன்னவர் நம் கடலூர் மாவட்டம் மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார். ஏன் சொன்னார் என்பது பிடிபட வேண்டுமென்றால், செத்த பிறகு என்ன நடக்கும் என்று மற்றவர்கள் நம்புவதை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவோம், ஓட்டிவிடாமல் பாருங்கள்.

(காட்சி: தேவனாம்பட்டினம் கடற்கரை, ஆடி அமாவாசைக் காலை)

எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். உடம்பு எரிந்துவிட்டது, உயிர் அடுத்த பிறவிக்குப் போகும், சரி. ஆனால் போகிற வழிக்கு ஓர் உடம்பு வேண்டுமே? கருட புராணப்படி, பத்து நாள் வைக்கிற பிண்டத்தில்தான் அது உருவாகிறது. முதல் நாள் தலை, இரண்டாம் நாள் கழுத்தும் தோளும், இப்படியே வளர்ந்து பத்தாம் நாள் பசியும் தாகமும் வந்துவிடும். மகன் உருட்டி வைக்கிற சோற்றில் அப்பாவுக்குத் தோள் முளைக்கிறது! இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

சமணத்தில் இதற்கு வேலையே இல்லை, உயிர் கண நேரத்தில் அடுத்த பிறவிக்குப் போய்விடுகிறது, அப்புறம் பிண்டம் யாருக்கு?

பரங்கிப்பேட்டைப் பக்கம் போனால், முஸ்லிம்கள் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, கஃபன் என்ற வெள்ளைத் துணியில் சுற்றி, வலப்பக்கம் சாய்த்து, முகம் மக்காவை நோக்கி இருக்கும்படி அடக்கம் செய்வார்கள். கபரில், அதாவது புதைகுழியில், முன்கர், நகீர் என்ற வானவர்கள் வந்து உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்று கேட்பார்கள் என்பது நம்பிக்கை. மறுமை நாளில் எல்லோரும் எழுப்பப்படுவார்கள்.

உடல் உயிர்த்தெழும் என்பது கிறிஸ்தவத்திலும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் எரிப்பதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் சாம்பலைக் கடலில் கரைக்கக் கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று 2016-இல் சொல்லிவிட்டது. யோசித்துப் பாருங்கள், புதுச்சேரியில் ஒரு வீட்டில் அஸ்தியைக் கரைத்தால்தான் மனசு ஆறும், நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்குகிற பக்கத்து வீட்டில் அதைக் கரைக்கவே கூடாது. இரண்டுமே பாசம்தான்.

(காட்சி: வடலூர் சத்திய ஞான சபை)

இப்போது வள்ளலாரிடம் வருவோம். இந்துக்களிலும் பல சமூகங்களில் புதைக்கிறார்கள், துறவிகளுக்குச் சமாதி வைக்கிறார்கள், அது புதிதில்லை. வள்ளலார் சொன்ன காரணம்தான் புதிது. இறந்தவர்களை, அவர் ஒளியாக வணங்கிய இறைவனான அருட்பெருஞ்ஜோதி ஆண்டவர் எழுப்புவார், ஆகவே உடலை எரிக்காதீர்கள். மேலுலகம் கீழுலகம் என்று போகாமல், இந்த உடம்போடேயே மரணமில்லாப் பெருவாழ்வு.

இதை அப்படியே தாலிக்குக் கொண்டுவாருங்கள். திரும்பி எழப்போகிறவரின் மனைவி எப்படி விதவை ஆவாள்? இந்த முடிச்சு என் கணிப்பு, ஆனால் விதவைகளை மூலையில் உட்கார வைத்த அந்தக் காலத்தில் இப்படி ஒருவர் வெளிப்படையாகச் சொன்னதை நான் ரொம்பப் பெரிதாக மதிக்கிறேன். சடங்குக்குப் பதில் சோறு போடச் சொன்னார். 1867-இல் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது, சோறும் போடுகிறார்கள்.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொன்னார். அவர் ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. தைப்பூசம் முடிந்து இரண்டாம் நாள் அந்த அறையைத் தரிசிக்க இன்றும் கூட்டம் அலைமோதுகிறது.

உடம்பே மாற வேண்டும் என்று பேசிய இன்னொருவர், புதுச்சேரி அரவிந்தர். 1950 டிசம்பர் 5-இல் காலமானவரை 9-ஆம் தேதிதான் ஆசிரம முற்றத்தில் அடக்கம் செய்தார்கள். அவருக்குத் தனி வீடியோ போடுகிறேன்.

வள்ளலார் வழியில் கருமாதி செய்யாமல், தாலியைக் கழற்றாமல் விட்ட குடும்பம் உங்கள் ஊரில் இருந்தால், உறவுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று கமெண்டில் கட்டாயம் எழுதுங்கள்.