அணு உலைக்கு அவகாசம் தரும் 55 வினாடிகள்

[திரையில்: ஒரு யுரேனியம் கரு நடுங்கி, நீண்டு, இரண்டாக உடைகிறது]

யுரேனியம்-235 கரு பிளந்தால் சராசரியாக இரண்டரை நியூட்ரான் வெளியே வரும். அவை அடுத்தடுத்த கருக்களை உடைக்கும். தொடர்வினை என்று பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால் அணு உலையில் அதை, நியூட்ரான்களை விழுங்கும் ஒரு தண்டை ஏற்றி இறக்கி எப்படி அடக்க முடிகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் உலையில் ஒரு நியூட்ரான் பிறந்து அடுத்த கருவை உடைக்க, ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும் என்று வைத்துக்கொள்வோம். தலைமுறைக்குத் தலைமுறை ஆயிரத்துக்கு ஒன்றுதான் கூடுகிறது என்றாலும், ஒரே வினாடியில் எண்ணிக்கை 20,000 மடங்கைத் தாண்டிவிடும். எந்தக் கையும் எந்த மோட்டாரும் அதற்கு ஈடுகொடுக்காது.

ஈடுகொடுக்க அவகாசம் தருபவை, பிளவில் பிறக்கும் துண்டுகள்தான்.

[திரையில்: பெரிய கரு, பக்கத்தில் சின்னக் கரு. நியூட்ரான்கள் நீல நிறத்தில்]

புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும். அதனால் பெரிய கரு கட்டுக்குலையாமல் இருக்க நியூட்ரான் நிறைய வேண்டும்: யுரேனியத்தில் 92 புரோட்டானுக்கு 143. உடைந்த துண்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் தாயிடமிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. இயற்கையில் உள்ள புரோமினில் 44 அல்லது 46 நியூட்ரான். பிளவில் பிறக்கும் புரோமின்-87ல் 52!

இந்தச் சுமையைக் குறைக்க, ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் வெளியேறுகின்றன. இதுதான் பீட்டா சிதைவு. புரோமின் இப்போது கிரிப்டான்-87. புரோமின்-87ன் அரை ஆயுள், அதாவது பாதிக் கருக்கள் இப்படி மாற ஆகும் நேரம், 55 வினாடிக்குச் சற்று மேல். அணுக்கருவின் கணக்கில் அது ஒரு யுகம்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கிரிப்டான்-87ல் 51 நியூட்ரான். கருவுக்குள் 50 என்பது நிரம்பிய கூடு. 51ஆவது தளர்வாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பீட்டா சிதைவில் கருவுக்கு மிஞ்சும் ஆற்றல் சில சமயம் அந்தப் பிடியைவிடப் பெரிதாக இருக்கும். அப்போது அது கழன்று வெளியே வந்துவிடும். நூறு சிதைவில் இரண்டு மூன்று முறைதான் இப்படி. அயோடின்-137 போன்ற வேறு சில துண்டுகளும் இதையே செய்கின்றன.

எல்லாம் சேர்த்தால் ஆயிரம் நியூட்ரானில் ஆறேழு பேர்தான் தாமதமாக வருபவர்கள், சராசரியாக 13 வினாடி கழித்து. அந்த ஆறேழு பேரும் வந்து சேர்ந்தால்தான் தொடர்வினை நிலைக்கும் என்ற அளவில் உலையை ஓட்டுகிறார்கள். இப்போது அதே ஆயிரத்துக்கு ஒன்று கூடுதல், வினாடிக்கு ஓரிரு சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. தண்டை இறக்க நேரம் இருக்கிறது!

1939ல் வாஷிங்டனின் கார்னகி நிறுவனத்தில் ராபர்ட்ஸ், மேயர், வாங் மூவரும் இந்த நியூட்ரான்களைக் கண்டார்கள். 1942 டிசம்பர் 2ஆம் தேதி சிகாகோவில் ஃபெர்மியின் குழு முதல் உலையை இயக்கியபோது, ஒருவர் கையாலேயே தண்டை இழுத்தார்.

[திரையில்: கறுப்பு. ஒலி இல்லை]

தாமத நியூட்ரான்களுக்குக் காத்திராமல் உலை தாவினால்? 1961 ஜனவரி 3, அமெரிக்காவின் ஐடஹோ. எஸ்எல்-1 என்ற 3 மெகாவாட் உலையில் நடுத்தண்டு அளவுக்கு மீறி வெளியே இழுக்கப்பட்டது. ஒரு வினாடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு நேரத்துக்குள் திறன் ஏறக்குறைய 20,000 மெகாவாட்டைத் தொட்டது. அங்கிருந்த மூவரும் இறந்தார்கள்.

எரிபொருள் மாறினால் தாமத நியூட்ரான்களின் பங்கும் மாறும். கல்பாக்கத்தில் உள்ள காமினி ஆராய்ச்சி உலை யுரேனியம்-233ல் இயங்குகிறது. அதில் ஆயிரத்துக்கு மூன்றுகூட இல்லை. புளூட்டோனியம்-239ல் ஏறக்குறைய இரண்டுதான்.

[திரையில்: கட்டுப்பாட்டு அறை. எல்லாத் தண்டுகளும் விழுகின்றன]

சரி, உலையை நிறுத்திவிட்டோம். நியூட்ரான் அளவு முதலில் சட்டென்று விழும். அப்புறம் முள் மெதுவாகவே இறங்கும். எவ்வளவு தண்டைத் திணித்தாலும் வேகம் கூடாது. ஒவ்வொரு 55 வினாடிக்கும் பாதி, மறுபடி பாதி. உள்ளே புரோமின்-87 இன்னும் சிதைந்துகொண்டிருக்கிறது.