காலில் வலி, கோளாறு புட்டத்தில்

வணக்கம். இடுப்பில் பிடித்து, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, கணுக்கால் வரை இழுக்கிறது என்று வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஸ்கேன் உறையோடுதான் வருவார்கள். உட்காரும் முன்பே, "டிஸ்க் விலகிடுச்சாம் சார்" என்பார்கள். உறையை ஓரமாக வைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்கச் சொல்வேன். இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் தொடையெலும்பு பக்கவாட்டில் துருத்தும் இடத்துக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் சிலர் துள்ளிவிடுவார்கள். "அதேதான் சார், கால் வரைக்கும் போகுது!"

அங்கே ஆழத்தில் கிடப்பது குளுட்டியஸ் மினிமஸ். புட்டத் தசைகள் மூன்றில் ஆகச் சிறியது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடிப்பது இதுவும் இதன் மேலுள்ள குளுட்டியஸ் மீடியஸ் என்ற தசையும்தான். மினிமஸ் இறுகினால், டிஸ்க் விலகி நரம்பு நசுங்கியதுபோலவே கால் முழுக்க வலிக்கும். இப்படி ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் தெரியும் தசைவலிகளைத் தசை தசையாகப் பதிவு செய்தவர் ஜேனட் டிராவல், அமெரிக்க அதிபர் கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்.

புட்டத்தின் ஆழத்தில் இன்னொரு தசை பிரிஃபார்மிஸ். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு இதன் அடியில்தான் போகிறது. சிலருக்குத் தசையைத் துளைத்துக்கொண்டே போகும். இது இறுகினால் உட்காரத்தான் முடியாது. பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வண்டி ஓட்டுபவர்கள், தயவுசெய்து அதை எடுத்து முன்னால் வையுங்கள். செலவில்லாத வைத்தியம்.

அப்போ ஸ்கேன் பொய்யா? பொய் இல்லை. ஆனால் 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், பாதிப்பேருக்கு மேல் டிஸ்க் புடைப்பு இருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் புட்டத்துக்கும் நடுவே வைத்துச் சாயுங்கள். நோகும் இடம் கிடைத்ததும் அரை நிமிடம் அப்படியே நில்லுங்கள். தாங்கக்கூடிய வலி போதும், பல்லைக் கடிக்க வேண்டாம். கால் மரத்துப்போனால் பந்தை நகர்த்திவிடுங்கள், அங்கே அழுந்துவது நரம்பு. அப்புறம் மல்லாந்து படுத்து, வலிக்கும் காலின் கணுக்காலை மறு முழங்கால்மேல் போட்டு, அடியிலுள்ள தொடையை இரு கையாலும் மார்புப் பக்கம் இழுங்கள். முப்பது விநாடி, மூன்று முறை. வலி தணிந்த பிறகு, ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்கி இறக்கும் பயிற்சியைத் தொடங்குங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பலவீனமான தசைதான் திரும்பத் திரும்ப இறுகுகிறது என்பது என் கணிப்பு.

இரவில் வலிக்காத பக்கமாக ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுங்கள்.

சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனால், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டால், பந்தைத் தேடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவதோடு வரும் வலி, இவற்றையும் முதலில் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.