14-ஆம் நாள் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது

வணக்கம் நேயர்களே. "டாக்டர், 14-ஆம் நாளைக் கணக்கு வைத்துத்தான் பார்க்கிறோம், ஆனாலும் தங்கவில்லை." குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் 14-ஆம் நாள் கருமுட்டை வெளியே வரும் என்பதுதான் அந்தக் கணக்கு. 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவர்களுக்கு அது ஏறத்தாழச் சரி. 35 நாளுக்கு ஒருமுறை வருபவர்களுக்குக் கருமுட்டை 21-ஆம் நாள் வாக்கில்தான் வெளியே வரும்.

ஏன் அப்படி? மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்ப, சினைப்பையில் சில முட்டைப்பைகள் வளரத் தொடங்கும், பெரும்பாலும் அதில் ஒன்றுதான் முந்தும். அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கும். வழக்கமாகப் பிட்யூட்டரியை அடக்கி வைப்பதும் இதே ஈஸ்ட்ரோஜன்தான். ஆனால் அதன் அளவு ஏறி இரண்டு நாள் போல அப்படியே நின்றால் விஷயம் தலைகீழாகிறது, எல்.எச். ஹார்மோன் ஒரேயடியாகப் பொங்கி, சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். இந்த முதல் பாதி ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தால் ரொம்பவே இழுக்கும்.

பின்பாதி அவ்வளவாக மாறாது. முட்டை போன பிறகு அந்தப் பை மஞ்சளாக மாறிப் புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கிறது, தடித்த சவ்வைக் கரு ஒட்டி வளரும்படி பக்குவப்படுத்துவது அதுதான். அந்த மஞ்சள் பையின் ஆயுள் சுமார் 14 நாள். கரு பதிந்தால் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து அந்தப் பையைச் சாக விடாமல் வைத்திருக்கும் (கார்டு டெஸ்டில் கோடு விழுவது இதனால்தான்), இல்லையென்றால் மாதவிடாய். ஆகவே அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கித்தான் எண்ண வேண்டும். ஜப்பானிய மருத்துவர் ஓகினோ 1920-களிலேயே சொன்னது, நாம்தான் இன்னும் முன்னாலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறோம். செல்போன் ஆப் காட்டும் தேதியும் பழைய மாதங்களை வைத்துப் போடும் உத்தேசம்தான்.

முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது, விந்தணு 5 நாள் வரை உயிரோடு இருக்கும், அதனால் முட்டை வெளியேறுவதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம்.

அப்புறம் ஒன்று. "21-ஆம் நாள் புரோஜெஸ்ட்ரோன் குறைவு" என்று ரிப்போர்ட் வந்தால் உடனே பயந்துவிடாதீர்கள். அந்த டெஸ்டை மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு எடுக்க வேண்டும், 28 நாள் சுழற்சிக்குத்தான் அது 21-ஆம் நாள், 35 நாள் சுழற்சி என்றால் 28-ஆம் நாள். டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்த பிறகு எத்தனை நாளில் மாதவிடாய் வந்தது என்பதைக் குறித்துக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.