புத்தகத்துல நிழல் வடக்கே, முற்றத்துல தெற்கே: என்ன செய்யறது?

அடுத்த கேள்வி தென்னாப்பிரிக்காவுல, டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து. சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிற ஒரு ஆசிரியை கேட்டிருக்காங்க: "சென்னையிலிருந்து வந்த படப் புத்தகத்தை வெச்சு கிரேட் 3 பிள்ளைகளுக்கு நிழல், பருவம் எல்லாம் சொல்லித் தரேன். வெளியே போனா ஒண்ணும் ஒத்து வரலை. மார்கழின்னா பனி, போர்வைன்னு படம். இங்கே அந்த மாசம் பிள்ளைகள் கடல்ல குளிக்குதுங்க. மத்தியான நிழல் வடக்கே விழுதுன்னு படம். இங்கே தெற்கே விழுது. புத்தகத்தை மாத்தணுமா?"

மாத்த வேண்டாம்ங்க. ஒத்து வராத பக்கம்தான் அந்தப் புத்தகத்துலயே நல்ல பக்கம். ஆனா நீங்க செய்யற வரிசையை மாத்தணும். முழுப் புத்தகத்தையும் வாசிச்சுட்டு வெளியே கூட்டிட்டுப் போனா, பிள்ளைக்கு விடை முன்னாடியே தெரிஞ்சுடும். கண்ணு தெற்கே பார்க்கும், கை வடக்கேன்னு எழுதும். அதனால நிழல் படத்துக்கு முந்தின பக்கத்துல நிறுத்துங்க. அடுத்த பக்கத்தை ஒரு தாள் வெச்சு கிளிப் போட்டு மூடுங்க. "மத்தியானம் இந்தப் பையனோட நிழல் எந்தப் பக்கம் விழும்?" அவங்கவங்க நினைக்கிறதை வரையட்டும். பிறகு வெளியே போகலாம்.

விளக்குமாத்துக் கம்பு ஒண்ணு, வாளி நிறைய ஈர மணல், சாக்பீஸ், அளவு நாடா போதும். கம்பு தரையிலிருந்து சரியா 1 மீட்டர் உயரம் நிக்கணும். நேரா நிக்குதான்னு கண்ணால முடிவு பண்ணாதீங்க. நூல்ல ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு ரெண்டு பக்கத்திலிருந்தும் பாருங்க. தெற்கே 5 பாகை (டிகிரி) சாய்ஞ்சாலே செப்டம்பர் நிழல் 8 சென்டிமீட்டருக்கு மேல கூடிடும். 11:20லிருந்து 12:30 வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிழல் நுனியில புள்ளி. நுனி கூர்மையா இருக்காது, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கலாத்தான் இருக்கும். சூரியன் ஒரு புள்ளி இல்லையே, வட்டமாச்சே. மங்கலோட நடுவுல வைக்கச் சொல்லுங்க, எல்லாப் புள்ளியும் ஒரே பிள்ளை வைக்கட்டும். தலைக்குத் தொப்பி, சூரியனை நிமிர்ந்து பார்க்கவே கூடாது.

டர்பன்ல குட்டையான நிழல் ஜூன் 21 வாக்குல 134 செ.மீ., செப்டம்பர் 23 வாக்குல 57, டிசம்பர் தொடக்கத்துல வெறும் 14. இந்தப் பதினாலுலதான் பல பேர் மாட்டிக்குவாங்க: நிழல் வாளியைத் தாண்டாது, மணல் மேலேயே விழுந்துடும். அந்த மாசம் வாளியை விட்டுட்டு, கம்பை மண்ணுலயே நட்டுடுங்க.

இன்னும் ரெண்டு இடத்துல சறுக்கும். குட்டை நிழல் சரியா 12 மணிக்கு வரும்னு சொல்லிடாதீங்க. பிப்ரவரி நடுவுல 12:10க்கு வரும், நவம்பர் தொடக்கத்துல 11:40க்கே வந்துடும். அடுத்தது காந்த ஊசி. டர்பன்ல அது உண்மையான வடக்கிலிருந்து ஏறக்குறைய 25 பாகை மேற்கே காட்டும். நிழலும் ஊசியும் சண்டை போட்டா, நிழல் பக்கம் நில்லுங்க: குட்டை நிழல் நீள்ற திசைதான் இங்கே அசல் தெற்கு.

இப்போ உள்ளே வந்து தாளை எடுங்க. கொஞ்சம் சத்தம் போடுவாங்க, போடட்டும். "புத்தகம் தப்பு"ன்னு ஒரு பிள்ளை சொல்லும், உடனே தலையாட்டாதீங்க. ஒரு ஆரஞ்சு எடுத்து, காம்பு மேலே இருக்கிற மாதிரி பிடிங்க. ஆரஞ்சுதான் பூமி. நடுக்கோட்டுக்கு மேலே ஒரு கிராம்பு, அது சென்னை; கீழே ஒரு கிராம்பு, அது டர்பன்; ரெண்டையும் குத்துங்க. இருட்டறையில நடுக்கோட்டுக்கு நேரா டார்ச் அடிச்சா ரெண்டு நிழலும் எதிரெதிரா ஓடும். டார்ச்சை மேலே கீழே ஆட்டினா ரெண்டும் நீண்டு குறுகும், அதையும் பார்க்கட்டும்.

ஒரு விஷயம், நீங்களும் கவனிக்கணும்: "இந்தியாவுல நிழல் எப்பவும் வடக்கே"ன்னு எழுதிப் போட்டுடாதீங்க. சென்னை பூமியோட நடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையிலதான் இருக்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூணாம் வாரம் வரைக்கும் அங்கேயும் மத்தியான நிழல் தெற்கேதான். உங்க புத்தகப் படம் மார்கழிக்குச் சரி, ஆனிக்குச் சரியில்லை. படத்தை அழிக்காம, பக்கத்துல "டர்பனில்" னு ஒரு சீட்டு ஒட்டினா போதும்.

பிறையும் இப்படித்தான், வளர்பிறை இங்கே இடப்பக்கம் வெளிச்சமா இருக்கும். அதை ராத்திரி வீட்டுல பார்த்து வரையட்டும்.

பருவத்துக்கு "ஆடிப்பட்டம் தேடி விதை"யை எடுத்துக்கோங்க. இங்கே ஆடின்னா குளிர், மழையும் கம்மி, மழை கோடையிலதான். ஆடியில ஒரு தொட்டி, அக்டோபர்ல அதே மாதிரி இன்னொண்ணு, தொட்டிக்கு அஞ்சு பீன்ஸ் விதை, 2.5 செ.மீ. ஆழம். ரெண்டுக்கும் ஒரே மண், ஒரே அளவு தண்ணி, ரெண்டும் வெளியேதான் இருக்கணும். விதைச்ச நாளிலிருந்து முளை தெரியற நாள் வரைக்கும் எண்ணி சுவர்ல எழுதட்டும். பிள்ளைகள் ஆசையில தண்ணியை ஊத்திக்கிட்டே இருப்பாங்க. குளிர்ல மண் காயாது, விதை அழுகிடும். விரலை ஒரு கணு உள்ளே விட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்தச் சொல்லுங்க.