காட்டேரிகளின் பெரட்டுக் களம்

(கோலாலம்பூரில் நடந்த எழுத்தாளர் வாசகர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மூத்த எழுத்தாளர்களே, நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

இரத்தக் காட்டேரிகள் மனிதர்களை ஆளும் நாவல் ஒன்றை நான் எழுதிக்கொண்டிருக்கும் செய்தி எப்படியோ வெளியே கசிந்து, அதைப் பற்றியே பேசும்படி என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த என் சித்தப்பா, "ரப்பர்த் தோட்டத்துக் கதை எழுதிக்கொண்டிருந்தவன் நீ. இப்போது எதற்கடா பேய் பிசாசு?" என்று கேட்டார். "இப்போதும் தோட்டத்துக் கதைதான் சித்தப்பா எழுதுகிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. நீங்கள் நம்புகிறீர்களா என்று பார்ப்போம்.

இளைஞர்கள் சிலர் தங்கள் கையெழுத்துப் பிரதிகளை எனக்குப் படிக்கத் தருவதுண்டு. காட்டேரி அரசனுக்குக் கறுப்பு அங்கி, கற்கோட்டை, கோட்டைக்கு வெளியே பனிப்பொழிவு. கதை நடக்கும் இடமோ கோலாலம்பூருக்குப் பக்கத்துப் பூச்சோங். சரி, பனியை மன்னித்துவிடலாம். அரசன் வெள்ளிக் கோப்பையில் இரத்தம் அருந்துகிறானே, அங்கேதான் எனக்கு இடறுகிறது. அந்தக் கோப்பையை நிரப்பியது யார்? நேற்று நிரப்பியவர் இன்று எழுந்து நடக்கிறாரா? நாளைக்கு யார் முறை? இதெல்லாம் தெரியாதவன் மனிதர்களை வேட்டையாடலாம், ஆள முடியாது. ஆட்சி என்று வந்துவிட்டால் பல்லை விடக் கணக்குப் புத்தகம் முக்கியம்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். வளர்ந்த மனிதர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. இரத்த தான முகாமில் ஒரு தடவைக்கு 350 அல்லது 450 மில்லிலிட்டர் எடுப்பார்கள். போன நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் திரும்பச் சில வாரங்கள் பிடிக்கும், இரும்புச்சத்து நிரம்ப மாதக் கணக்காகும். என் நாவலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 450 மில்லிலிட்டர் என்று வைத்திருக்கிறேன். அப்படியானால் ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 1.8 லிட்டர். காட்டேரிக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் என்றாலும் ஆண்டுக்கு 182 லிட்டருக்கு மேல் வேண்டும். ஆக, ஒரு காட்டேரி உயிர்வாழ நூறு மனிதருக்கு மேல் தேவை. குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகள், முதியவர்களைக் கழித்தால் இருநூறு குடிகளாவது இருக்க வேண்டும்.

இந்த ஒரு கணக்கு பாதிக் கதையை எழுதிக் கொடுத்துவிடுகிறது. கடிபட்டவரெல்லாம் காட்டேரி ஆகிவிட்டால் உண்பவர் கூடுவர், உணவு குறையும். ஆகவே யாரைக் காட்டேரி ஆக்கலாம் என்பதுதான் அந்த நாட்டின் முதல் சட்டமாக இருக்க முடியும். அனுமதியில்லாமல் ஒருவரை மாற்றுவது கொலையை விடப் பெரிய குற்றம். மாற்றப்படும் உரிமைதான் அங்கே குடியுரிமை, பட்டம், ஓய்வூதியம் எல்லாம். அந்த உரிமைக்காக மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஐரோப்பியக் காட்டேரி இந்தக் கணக்கைப் போடாதவன். அவன் பிறந்த கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது, கேளுங்கள். 1815இல் இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கியது வான மண்டலத்தில் பரவியதால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே சரியாக வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆங்கிலக் கவிஞர்கள் சிலர் பேய்க்கதை எழுதிப் பொழுது போக்கினார்கள். அவர்களோடு இருந்த மருத்துவர் ஜான் பொலிடோரி எழுதி 1819இல் வெளிவந்த கதையில்தான் காட்டேரி மேட்டுக்குடிப் பிரபுவாக வேடம் கட்டினான். நுசாந்தாரா என்னும் நம் மலாய்த் தீவுக்கூட்டத்தின் எரிமலை இல்லாவிட்டால் அந்தப் பிரபு இல்லை. ஆனாலும் அவன் ஆள்வதில்லை. இரவில் ஒருத்தி, மறுநாள் இன்னொருத்தி என்று திரிகிறவன். அவனை அங்கேயே விட்டுவிடுகிறேன்.

என் காட்டேரிகளுக்கு வழிகாட்டி வேறொருவர்: ஹென்றி ரிட்லி. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை 1888 முதல் நிர்வகித்த ரிட்லி அந்த மரங்களை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். பிரேசில் காட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் கெட்டுப்போகும். பட்டையை மெல்லச் சீவி, அதே காயத்தை மறுபடி மறுபடி திறந்தால் மரம் சாகாது, பாலும் கூடும் என்று ரிட்லி காட்டினார். மலாயாவின் தலையெழுத்தை மாற்றிய கண்டுபிடிப்பு அது. நம் தாத்தா பாட்டிகளைக் கப்பல் ஏற்றியதும் அதுதான்.

காட்டேரிகளின் வரலாற்றிலும் ஒரு ரிட்லி வருகிறார். கொல்லாமல் குடிக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார். அன்றோடு வேட்டைக்காரர் துரை ஆகிறார், காடு தோட்டம் ஆகிறது. நாவலின் முதல் அத்தியாயம் அதுதான். அதில் ஒரு சொட்டு இரத்தம்கூடச் சிந்தவில்லை. படித்த நண்பர் ஒருவர் பயமாக இல்லையே என்றார். இரண்டாம் அத்தியாயத்தில் பயப்படுவீர்கள் என்றேன்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிடுவார், ஏனென்றால் வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். முந்தைய வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரிப்பார், பைக்குள் போடுவார், உளியை வைப்பார். மேலிருந்து கீழாகச் சரிவாக ஒரு சீவல். பட்டை சுருள் விழும், வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக முளைத்து ஒன்று சேர்ந்து பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை நோக்கி ஓடும். அதற்குள் அம்மா அடுத்த மரத்தில் இருப்பார். உளி ஒரு மயிரளவு ஆழமாகப் போனால் கட்டையில் காயம் பட்டுவிடும், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்புறம் மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு. ஒருநாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. மரத்துக்கு ஓய்வு உண்டு. அம்மாவுக்கு அந்த மறுநாளில் வேறு வரிசை மரம் உண்டு.

இப்போது நாவலுக்கு வாருங்கள். இரவு ஏழரை, இருட்டிவிட்டது. வேலைக்கு முன் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். நாயகி செல்லம்மா கிராணி, அதாவது கணக்கெழுதுபவள், மனிதப் பெண், வயது பத்தொன்பது. அவள் முன்னால் பேரேடு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம்: வெட்டு, ஓய்வு. பக்கத்தில் தையற்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடா. ரப்பர்க் கன்று நட்ட ஐந்தாறு ஆண்டில் அடிமரச் சுற்றளவை அளந்து, போதுமான பருமன் வந்துவிட்டதென்றால் வெட்டுக்குத் திறப்பார்கள். என் காட்டேரிகளும் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் மேல்கையை அளக்கிறார்கள். தன் தம்பியின் கை வரும்போது செல்லம்மா நாடாவை ஒரு விரற்கடை தளர்த்திப் பிடிக்கலாமா, இறுக்கிப் பிடிக்கலாமா? இறுக்கினால் அளவு குறையும், இன்னும் ஆறு மாதம் தப்புவான். பின்னால் கங்காணி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த விரற்கடை இடைவெளியில்தான் என் நாவல் முழுவதும் நடக்கிறது.

கொடுமைக்கார ஆட்சி என்றவுடன் சாட்டையையும் பாதாளச் சிறையையும் எழுதிவிடாதீர்கள். இரத்தசோகை பிடித்த குடிகளால் காட்டேரிக்கு என்ன லாபம்? என் காட்டேரிகள் முருங்கைக்கீரையும் ஈரலும் இலவசமாகத் தருகிறார்கள். ஆஸ்பத்திரி பளபளக்கிறது. பள்ளிக்கூடம் உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்னதுதானே. கள்ளுக்கடையும் உண்டு. டிங்கிக் காய்ச்சல் மட்டும் அந்த நாட்டில் அறவே இல்லை. கொசுவும் இதே தொழிலில் பகல் முறை பார்ப்பதால், போட்டியாளனை ஒழிக்கக் காட்டேரிகள் தெருத் தெருவாகப் புகையடிக்கிறார்கள். இதைப் படித்த என் மனைவி, "அப்படியானால் நம் வட்டாரத்துக்கும் அவர்களையே அனுப்பச் சொல்லுங்கள்" என்றாள். இப்படி ஒரு கணமாவது வாசகரை ஆசைப்பட வைத்துவிட்டால் நாவல் பிழைத்துக்கொள்ளும்.

இடத்தையும் கவனியுங்கள். வடக்கே குளிர்காலத்தில் இரவு நீளும், காட்டேரிக்குக் கொண்டாட்டம். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். ஆண்டு முழுவதும் பகலிரவு நீளத்தில் அரை மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. இரவை நீட்ட முடியாத காட்டேரி கடிகாரத்தைத் திருகுவான். நம்ப முடியாத கற்பனை என்று சொல்லாதீர்கள். ஜப்பானியர் ஆண்டபோது மலாயா தோக்கியோ நேரத்தில் எழுந்தது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் எல்லாரும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினோம். அதனால்தான் நம் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். புகைமூட்டம் சூரியனை மறைக்கும் மாதங்களில் என் காட்டேரிகள் நண்பகலில் கடைவீதிக்கு வருகிறார்கள். காட்டை எரிப்பதற்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்பது நாவலில் துப்பறியும் பகுதி, இங்கே சொல்ல மாட்டேன்.

காட்டேரிகளுக்குள் உயர்வு தாழ்வு இருக்குமா என்று ஒரு தங்கை முன்பே எழுதிக் கேட்டிருந்தார். தென்னமெரிக்காவில் இரத்தம் குடிக்கும் வௌவால்கள் உண்டு. இரண்டு மூன்று இரவு பட்டினி கிடந்தால் செத்துவிடும். அதனால் வயிறு நிறைந்தது, பசித்த கூட்டாளிக்குக் குடித்ததைக் கக்கி ஊட்டும். பின்னொரு நாள் அந்த உதவி திரும்பி வரும். கடன் என்னும் ஏற்பாட்டைக் காட்டேரிகளின் பிரபுத்துவத்துக்கு நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். பத்துமலை வௌவால்களைத் தயவுசெய்து இதில் இழுக்காதீர்கள். அவற்றில் ஒரு வகை டுரியான் பூவில் தேன் குடித்து மகரந்தம் சுமப்பது. நாம் டுரியான் சாப்பிடுவது அதன் புண்ணியத்தில்.

நம் மொழியிலேயே கைமுதல் இருக்கிறது. கலிங்கத்துப்பரணியைக் கடவுள் வாழ்த்தோடு மூடிவைத்தவர்கள் மறுபடி திறக்க வேண்டும். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் செயங்கொண்டார் ஒரு பேய் அரசாங்கத்தையே நிறுத்திக் காட்டியிருக்கிறார். காளி அரசி. பேய்கள் குடிகள். பசி தாங்காமல் அரசியிடம் மனுக் கொடுக்கின்றன, பகுதியின் பெயரே பேய் முறைப்பாடு. போர் முடிந்ததும் களத்தில் கூழ் சமைக்கின்றன. அதற்கு முன் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானை விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. பரிமாறும்போதுதான் வேடிக்கை: பார்ப்பனப் பேய், புத்தப் பேய், சமணப் பேய் என்று செத்தும் சமயம் சாதி விடவில்லை. சமணப் பேய்க்கு மயிர் விழாமல் வடிகட்டி ஊற்றுகிறார்கள். இருண்ட புனைவில் சிரிப்பு எங்கே வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

மலாய் மரபில் போலோங் உண்டு. கொலையுண்டவன் இரத்தத்தைப் புட்டியில் அடைத்து உருவாக்குவது. வைத்திருப்பவர் தன் விரலைக் கீறித் தினமும் ஊட்ட வேண்டும், ஊட்டத் தவறினால் அவரையே பிடிக்கும். பக்கத்து வீட்டு நம்பிக்கையை அலங்காரத்துக்கு எடுக்கக் கூடாது என்பதால் அதை நான் நாவலில் சேர்க்கவில்லை. ஆனால் தானே ஊட்டி வளர்த்தவனுக்கு அடிமையாகும் மனிதரைப் பற்றி யோசிக்க வைத்தது அதுதான்.

அந்த மனிதர் கங்காணி. தன் ஊரிலிருந்தே ஆள் கட்டி வந்தவர், எல்லாருக்கும் மாமா, பெரியப்பா. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு. எனவே காய்ச்சல்காரனையும் எழுப்பி நிறுத்துவார். அவரே நள்ளிரவில் கஷாயமும் கொண்டுவந்து கொடுப்பார். இரண்டும் உண்மை. அவரை வில்லனாக எழுதினால் சுலபம், ஆனால் நாவல் செத்துவிடும். பேரேட்டில் ஓய்வு என்ற கட்டத்தை யாருக்கு நிரப்புவது என்று தீர்மானிப்பவர் அவர். துரையை யாரும் பார்த்ததுகூட இல்லை. பகைமையும் நன்றியும் கங்காணியிடம்தான் போய்ச் சேர்கின்றன.

ஆட்சி எப்படி முடிகிறது? ஈட்டி, பூண்டு, சூரிய ஒளி எதுவும் இல்லை. ஒருநாள் காட்டேரிகள் செயற்கை இரத்தம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மனிதர்களுக்கு விடுதலை. விடுதலைச் செய்தி ஒரு கடிதமாக வருகிறது: முப்பது நாளில் லயத்து வீடுகளை, தோட்டத்து வரிசை வீடுகளை, காலி செய்ய வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தையும், தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் ஆன காலத்தையும் பார்த்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். மாடுகளை எங்கே கட்டுவது, முனியாண்டி கோயிலை யார் எடுப்பது என்று அந்த மக்கள் கேட்பதை நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களைத் தாங்களே வாங்கினார்கள். என் நாவலின் கடைசிப் பகுதியிலும் ஒரு சங்கம் உண்டு. செல்லம்மாதான் கணக்கு. தோட்டத்தை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தோட்டத்தில் மரம் கிடையாது, விளைச்சல் எல்லாம் மனிதர்களே. அப்படியானால் பணம் கட்டி எதை வாங்கினோம் என்று முதல் பொதுக்கூட்டத்தில் ஒரு கிழவி எழுந்து கேட்கிறாள். யாரும் பதில் சொல்வதற்குள் தலைவர் தேர்தல் வந்துவிடுகிறது. பழைய கங்காணி போட்டியிடுகிறார். ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையின் பெயரும் அவருக்குத் தெரியும், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதும் தெரியும். பெரும்பான்மையில் ஜெயிக்கிறார். அந்த அத்தியாயத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நன்றி, வணக்கம்.