சளி வராதவங்களுக்கு நாக்கைத் தேய்ச்சு டிபி பார்க்கலாமா?

வணக்கம். போன பதிவுக்குக் கீழ ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "அம்மாவுக்கு மூணு வாரமா இருமல், ராத்திரியில காய்ச்சல். டப்பா குடுத்துச் சளி கொண்டு வரச் சொல்றாங்க, எச்சில்தான் வருது. கொரோனாவுக்கு எடுத்த மாதிரி வாயில குச்சி விட்டு டிபி பார்க்கலாம்னு படிச்சேன். எச்சில்லேயே தெரிஞ்சுடுமா?"

நல்ல கேள்வி. அந்தக் கடைசி வரி என்னை விடவே மாட்டேங்குது. ஏன்னா இது எச்சில் பரிசோதனை கிடையாது, நாக்குப் பரிசோதனை. அந்தக் கிருமி வாயில வளர்றதில்லை. நுரையீரல்ல இருந்து சளியோட மேல வருது, பாதியை நாம தெரியாமலே முழுங்கிடறோம். வர்ற வழியில கொஞ்சம் நாக்கோட மேல்பக்கம் சிக்கிக்குது. நாக்கு சொரசொரன்னு இருக்கில்லையா, வாசல்ல போடற தேங்காய் நார் மிதியடியில மண்ணு தங்கற மாதிரி அங்க தங்கிடும். எச்சில் ஊறிக்கிட்டும் உள்ள போய்க்கிட்டும் இருக்கு, அதுல அதிகம் நிக்காது.

அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஜெரார்ட் கான்ஜெலோசியோட குழு, தென்னாப்பிரிக்காவுல டிபி உறுதியான 20 பேருக்குக் கன்னத்தோட உள்பக்கம் தேய்ச்சுப் பார்த்தாங்க. 18 பேர்கிட்ட கிருமியோட டி.என்.ஏ. கிடைச்சது. 2015ல அது வெளிவந்துச்சு. அப்புறம் கன்னம், ஈறு, நாக்கு மூணையும் ஒப்பிட்டாங்க, நாக்குலதான் அதிகம் கிடைச்சது. அதனாலதான் இப்ப எல்லாரும் நாக்குக்கு வந்துட்டாங்க.

எடுக்கிற விதத்துலதான் காரியமே இருக்கு. காலையில பல் விளக்கறதுக்கு முன்னாடி, காபிக்கு முன்னாடி எடுக்கிறது நல்லது. முக்கியமா நாக்கு வழிக்கக் கூடாது! நம்ம ஊர்ல எழுந்ததும் முதல் வேலையே அதுதான். நமக்கு வேணும்கிற, நாக்குல படிஞ்சிருக்கிறதையே வழிச்சுத் தொட்டியில விட்டுட்டு வந்தா குச்சியில என்ன வரும்? வெற்றிலை பாக்கும் வேண்டாம், அதுல இருக்கிற துவர்ப்புப் பொருள், கிருமியோட டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கிற பி.சி.ஆர். பரிசோதனையைத் தடுக்கக்கூடும். குச்சி, நைலான் இழை நட்ட முனையும் பிளாஸ்டிக் தண்டும் உள்ளதா இருக்கணும். மரத்தண்டுல பஞ்சு சுத்தினது வேண்டாம், மரத்துல இருந்து இறங்கறதும் பி.சி.ஆரைக் கெடுக்கும். நாக்கை நல்லா நீட்டச் சொல்லி, முன்பக்கம் மூணுல ரெண்டு பங்கை, குச்சியை உருட்டிக்கிட்டே, அழுத்தி, 15 வினாடியாவது தேய்க்கணும். அடிநாக்குக்குப் போனா ஓங்கரிப்பு வரும், அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பாவம்னு மேலாகத் தடவிட்டு விட்டா, திரும்பச் சொல்றேன், நீங்க எடுத்தது எச்சில்தான். முனையைக் குழாயில இருக்கிற திரவத்துக்குள்ள ஒடிச்சுப் போட்டு மூடிடணும். எடுக்கிறவங்க என்95 முகக்கவசம் போட்டு, நேரா நிக்காம பக்கவாட்டுல நிக்கணும்.

இந்த மாதிரியை மைக்ராஸ்கோப்புல பார்த்துப் பிரயோஜனம் இல்லை. சளியிலேயே ஒரு மில்லிக்கு 5,000ல இருந்து 10,000 கிருமி இருந்தாத்தான் அதுல கண்ணுக்குப் படும். குச்சியில வர்றது அதைவிட ரொம்பக் கம்மி. பி.சி.ஆர். மாதிரி டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கிற முறைதான் வேணும். அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ராங்கிற டிபி பரிசோதனை, கிருமி இருக்கான்னு தேடறது ஒரே கிருமிக்குள்ள பல பிரதியா இருக்கிற டி.என்.ஏ. துண்டுகளை. டிபிக்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமான்னு பார்க்கிறது ஒரே ஒரு பிரதி இருக்கிற மரபணுவை. அதனால 'டிபி இருக்கு'ன்னு வந்தும், மருந்து விஷயம் தெரியாமலே போகலாம். அப்பவும் சளி வேணும்.

நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: நெகட்டிவ்னு வந்தா என்ன பண்றது? பாசிட்டிவ் வந்தா பெரும்பாலும் நம்பலாம். முன்னாடி டிபிக்கு மாத்திரை சாப்பிட்டவங்கன்னா கொஞ்சம் யோசிக்கணும், செத்த கிருமியோட டி.என்.ஏ.வும் பாசிட்டிவ் காட்டும். ஆனா நெகட்டிவ் வந்ததும் நிம்மதியாயிடாதீங்க. சளியில கிருமி கம்மியா இருக்கிறவங்களைத்தான் இந்தக் குச்சி தவறவிடும். சளியே வராத உங்க அம்மா அந்தக் கூட்டத்துல இருக்கலாம். கழுத்துக் கட்டி டிபி, முதுகெலும்பு டிபிக்கெல்லாம் நாக்குல தேடிப் பலனில்லை.

அதனால உங்க ஊர்ல நாக்குல எடுக்கிறாங்களான்னு கேளுங்க, எடுத்தா எடுத்துக்கோங்க. அதோட நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துடுங்க. சளிக்கும் இன்னொரு முயற்சி: காலையில எழுந்ததும் வெறும் தண்ணியில வாய் கொப்பளிச்சு, மாடியிலயோ திறந்த வெளியிலயோ, ரெண்டு மூணு தடவை மூச்சை ஆழமா இழுத்துப் பிடிச்சு விட்டு, அடிவயித்துல இருந்து இருமச் சொல்லுங்க. 2 மில்லி வந்தாப் போதும். அப்பவும் வரலைன்னா காலி டப்பாவோட வீட்டுக்குத் திரும்பிடாதீங்க. 3 சதவீத உப்புக் கரைசலை நெபுலைசர்ல குடுத்துச் சளி வரவைப்பாங்க, அது இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. மூச்சுக்குழாய் இறுக வாய்ப்பிருக்கிறதால முன்னாடியே மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் மருந்து குடுப்பாங்க, காத்தோட்டமான தனி இடமும் வேணும். வீட்டுல செய்யற வேலையில்லை அது.