சீட் கவர் வாங்காதீர்கள், ஃபோமை மாற்றுங்கள்

வணக்கம் மக்களே, தென்னாப்பிரிக்கா டர்பனில் சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! என் பழைய டொயோட்டா டாஸ் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துதான் பேசுகிறேன், பாருங்கள், உடம்பு ஒரு பக்கமாகச் சாயவில்லை. கிளட்ச் மாற்றிய வீடியோ பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அதில் முழுக்க வலது பக்கம் சாய்ந்தபடியே பேசியிருப்பேன். கீழே நிறையப் பேர் "ஒரு சீட் கவர் வாங்கிப் போடுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். மன்னிக்கணும், எனக்குச் சீட் கவர் பிடிக்கவே பிடிக்காது. உள்ளே ஃபோம் செத்துக் கிடக்கும்போது மேலே புதுத்துணி போர்த்தி என்ன பயன்? டர்பன் வெயிலில் அந்த மலிவுக் கவர் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வளைவில் திரும்பினால் நம்மோடு சேர்ந்து அதுவும் நகரும்.

டாஸ் இங்கேயே டர்பனில், பிராஸ்பெக்டன் தொழிற்சாலையில் செய்த வண்டி. 2006-இல் உற்பத்தி நின்றுவிட்டது. அதனால் எந்த டாஸை எடுத்தாலும் ஃபோம் பழசுதான். நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம், கதவும் வலது பக்கம். ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் சீட்டின் வலது விளிம்பைத்தான் நசுக்குகிறோம். ரீயூனியனிலிருந்து பார்ப்பவர்கள் இடது விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், உங்களுக்கு ஸ்டியரிங் இடது பக்கம், அதனால் அங்கேதான் போயிருக்கும். மொரீஷியஸ்காரர்களுக்கு எங்களை மாதிரியேதான்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு குஷன் கடைக்குப் போனேன். அந்த ஒரு சீட்டுக்கு மட்டும் 1,600 ரேண்ட் என்றார்கள். கூலி இருக்கிறது, வாடகை இருக்கிறது, அதெல்லாம் புரிகிறது. ஆனால் மேல்துணி நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு தையல் கூடப் பிரியவில்லை. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஃபோம் போயிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நானே கழற்றிவிட்டேன்.

சீட்டை முன்னால் தள்ளினால் பின்பக்கம் இரண்டு போல்ட், பின்னால் தள்ளினால் முன்பக்கம் இரண்டு. எல்லாமே 14 மில்லி. மேல்துணியை உரித்ததும் அந்த வலது ஓரத்தை விரலால் தேய்த்துக் காட்டினேனே, பார்த்தீர்களா? பொட்டுக்கடலை மாவு மாதிரி உதிர்ந்தது. வெயிலும் இந்த ஊர்ப் புழுக்கமும் சேர்ந்தால் ஃபோம் அப்படித்தான் ஆகும். அதோடு கீழே இருக்கும் கம்பி அதை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்புறம் ஒன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்கணும். என் வண்டி சீட்டில் ஏர்பேக் கிடையாது. உங்கள் வண்டி புதுசு, சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது, அடியில் மஞ்சள் நிற இணைப்பு தெரிகிறது என்றால் கை வைக்காதீர்கள். அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

சரி, ஃபோம். கடையில் சோபாவுக்குப் போடும் மெத்தென்ற ஃபோமைத்தான் முதலில் நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறதே என்றும் ஏமாறாதீர்கள், கெட்டி வேறு, அடர்த்தி வேறு. அடர்த்தி குறைந்ததைக் கெட்டியாகவும் செய்யலாம், அது சீக்கிரமே அமுங்கிப்போகும். ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். விளிம்புக்கு நான் சிப் ஃபோம் போட்டேன். துண்டு துண்டு ஃபோமை அழுத்தி ஒட்டியது, பல நிறத்தில் இருக்கும். கனமானது, லேசில் அமுங்காது. வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்று 60 ரேண்டுக்குக் கிடைத்தது. மேலே போர்த்த 10 மில்லி மெல்லிய ஃபோம் 85. காண்டாக்ட் பசை 95. கம்பிக்கும் ஃபோமுக்கும் நடுவே விரிக்கச் சாக்குத்துணி 40, பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு துணிக்கடையில்.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடம். மேல்துணியை ஃபோமோடு சேர்த்துப் பிடிக்கச் சின்னச் சின்னக் கம்பி வளையங்கள் இருக்கும். அதற்கென்று ஓர் இடுக்கி, கூட ஒரு பொட்டலம் வளையம், 420 ரேண்ட் என்கிறார்கள்! மற்ற எல்லாம் சேர்ந்தே 280 தான். ஒரே ஒரு சீட்டுக்காக அந்த இடுக்கியை வாங்கி அப்புறம் எங்கே வைப்பது? ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, கேபிள் டை, அதை வாங்கினேன், ஒரு பாக்கெட் 35. துணிக்குள் ஓடும் கம்பியையும் ஃபோமுக்குள் இருக்கும் கம்பியையும் சேர்த்து இழுத்துக் கட்டி, வாலை ஒட்ட நறுக்கி, முடிச்சைக் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டேன். இல்லாவிட்டால் தொடையில் குத்தும். மொத்தம் 315 ரேண்ட், மக்களே. 315!

உதிர்ந்த ஓரத்தை நல்ல ஃபோம் வரும்வரை சாய்வாக வெட்டினேன். ரொட்டி வெட்டும் பல்லுக்கத்திதான் இதற்குச் சரி. பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்தணும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த நெடி தலையைப் பிடிக்கும். ஒட்டிய பிறகு அதே கத்தியால் சீவிச் சீவி, இடது பக்கத்து விளிம்பைப் பார்த்து வடிவம் எடுத்தேன். மெல்லிய ஃபோம் மேலே வந்ததும் ஒட்டுப்போட்ட இடம் கைக்கே தெரியவில்லை.

துணியைத் திரும்ப மாட்டுவதுதான் பெரிய போராட்டம். புது ஃபோம் வழுக்கவே வழுக்காது, துணி பாதியில் நின்றுவிடும். சூப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் பையை நீளமாகக் கிழித்து விளிம்பின்மேல் விரித்தேன். துணி சர்ரென்று இறங்கிவிட்டது! இறங்கியதும் பையை உருவிக்கொள்ளலாம். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். மிச்சச் சுருக்கம் ஹேர் டிரையர் காட்டியதும் போய்விட்டது.

ஆ, துணியை உரிக்கும் முன்பு ஒவ்வொரு வளையம் இருந்த இடத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். கேபிள் டை கட்டும்போது அதுதான் கைகொடுக்கும். போல்ட் நான்கையும் கையால் பிடி கொடுத்துவிட்டு, அப்புறம் முறுக்குங்கள். ஒன்றுகூடத் தளர்வாக இருக்கக் கூடாது, சீட் கழன்றால் பெல்ட்டும் காப்பாற்றாது.

சிப் ஃபோம் இன்னும் பாதி இருக்கிறது. அடுத்தது பெரியப்பாவின் பாகி, அதாவது பிக்கப் வண்டி, அதில் டிரைவர் சீட்டின் நடுவே கம்பியே வெளியில் தெரிகிறது. சனிக்கிழமை காலையில் கழற்றுகிறேன், வந்துவிடுங்கள்.